ஔவை கேட்டு வாங்கிய வயது

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைக் கோயிலடியிலோ சந்தையிலோ கண்டால் எங்கள் ஊரவர் முதலில் கேட்பது, "இப்ப வீட்டிலை சும்மாதானே இருக்கிறியள் ரீச்சர்?" என்பதுதான். கேட்பவரின் மனதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆனால் அந்தச் 'சும்மா'வின் பின்னால் ஒரு நீண்ட பட்டியல் வந்துகொண்டிருக்கும். பேரப்பிள்ளையைப் பாடசாலையால் கூட்டிவர வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். மருமகள் வேலைக்குப் போனால் சமைக்க வேண்டும். உறவில் யாராவது வைத்தியசாலையில் படுத்தால் இரவு துணைக்கு நிற்கவேண்டும். சும்மா இருப்பவர்களிடம்தானே எதையும் கேட்கலாம்!

என் அம்மா 34 வருடங்கள் தமிழும் சித்திரமும் படிப்பித்தவர். 2019ஆம் ஆண்டு, தமது 60ஆவது வயதில் ஓய்வுபெற்றார். பிரியாவிடை வைபவத்தில் பேசிய அத்தனை பேரும் "இனியாவது ரீச்சர் ஓய்வாக இருக்கவேண்டும்" என்று வாழ்த்தினார்கள். அடுத்த மாதமே எங்கள் ஒழுங்கையிலுள்ள நான்கு பிள்ளைகள் கொப்பியும் கையுமாக விறாந்தையில் வந்து இருந்துவிட்டார்கள். கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2020ஆம் ஆண்டில், ஊரடங்கு தளர்ந்த நாட்களில், நான்கு ஒன்பதாயிற்று. காசு வாங்க அம்மாவுக்கு மனமில்லை. வேண்டாமென்று சொல்லவும் வாயில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, முதுமை பற்றிய பாடத்தில் 'விலகற் கோட்பாடு' என்று ஒன்று வந்தது. இலெய்ன் கமிங், வில்லியம் ஹென்றி என்ற இருவர் அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தில் நடந்த ஆய்வொன்றை வைத்து 1961இல் எழுதியது. வயது ஏற ஏற மனிதர் சமூகத்திலிருந்து மெல்ல விலகுகிறார், சமூகமும் அவரை விலக விடுகிறது, அது இருபகுதிக்கும் நல்லது என்பதே அதன் சாரம். பின்வந்த அறிஞர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். பரீட்சைத் தாளில் நானும் மறுத்துத்தான் எழுதினேன். முதியோருடன் வேலைசெய்யத் தொடங்கிய பின் எனக்குத் தோன்றுவது வேறு. கன்சாஸ் நகரத்து நிலைமை எப்படியோ, எங்கள் அம்மாமாரை யாரும் விலக விடுவதில்லை. உத்தியோகத்திலிருந்து விலகலாம். அடுப்படியிலிருந்து விலகுவதற்கு எந்தத் திணைக்களத்திலிருந்தும் கடிதம் வருவதில்லை.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கையரில் 60 வயதைக் கடந்தோர் 6.6 வீதம். 2012இல் அது 12.4 வீதமாயிற்று. அதன் பின்னரும் கூடிக்கொண்டே போகிறது. பெண்கள் ஆண்களைவிடச் சில வருடங்கள் கூடுதலாக வாழ்பவர்கள். ஆகவே முதுமை என்பது பெருமளவுக்குப் பெண்களின் விடயம், அதிலும் கணவனை இழந்த பெண்களின் விடயம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்றே வந்தது. பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணித்தால் பராமரிப்புக் கேட்டு முறையிட அதில் இடமுண்டு. நல்ல சட்டம். ஆனால் புறக்கணிக்காமல், அன்பாகவே, ஒரு முதிய பெண்ணின் பொழுது முழுவதையும் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி எந்தச் சட்டத்தில் எழுதுவது?

அம்மா ஒருமுறை சொன்ன ஔவையார் கதையை இவ்விடத்தில் சொல்லவேண்டும். ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி, "ரீச்சர், ஔவையார் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை எப்பிடி இருந்தவ?" என்று கேட்டாளாம். பாடப்புத்தகத்துப் படங்களில் ஔவை என்றைக்கும் நரைத்த தலையும் ஊன்றுகோலுமாகவே நிற்பார். 1953இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்து வந்த திரைப்படம் அந்த உருவத்தை நாடெங்கும் பதித்துவிட்டது. உண்மையில் ஔவை ஒருவர் அல்லர் என்பதும், சங்ககாலத்து ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய ஔவை வேறு என்பதும் அறிஞர்கள் ஏற்றுக்கொண்டவை. சங்கப் பாடல்களுள் 59 ஔவையின் பெயரில் உள்ளன. அந்த ஔவையைக் கிழவியாகவே எண்ணவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. கிழவியாக்கியது பின்வந்த கதைதான். கலியாணம் பேசி முடித்த வேளையில் அந்தப் பெண் பிள்ளையாரை வேண்டி, இளமையைக் கொடுத்து முதுமையை வாங்கிக்கொண்டாள் என்பது கதை.

"கலியாணத்துக்குப் பயந்து கிழவியானவ எண்டு சொல்லுகினம்," என்றார் அம்மா. "பயமில்லைப் பிள்ளை. றோட்டிலை தனிய நடந்து திரியிறதுக்கு அவவுக்கு அந்த நரை தேவைப்பட்டது."

நான் எத்தனையோ கருத்தரங்குகளில் இருந்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. இளம்பெண் ஒருத்தி அரசவைக்குத் தனியே போகமுடியாது, வழியில் திண்ணையில் படுக்கமுடியாது, மன்னனைக் கண்டிக்கமுடியாது. கிழவிக்கு அதெல்லாம் முடியும். காரைக்காலம்மையாரும் இவ்வாறுதான் தமது அழகைக் கழற்றிவைத்துவிட்டுப் பாடப் புறப்பட்டார் என்கிறது அவரது கதை. முதுமையை இழப்பாக அல்லாமல் விடுதலையாகக் கேட்டு வாங்கிய இரு பெண்கள் எங்கள் மரபிலேயே இருக்கிறார்கள். அதியமான் தான் உண்ணாமல் அருநெல்லிக் கனியை ஔவைக்குக் கொடுத்ததும் அவர் நீண்டநாள் இருந்து பாடவேண்டும் என்பதற்கே. இன்னும் பத்து வருடம் சமைக்கட்டும் என்று யாரும் நெல்லிக்கனி கொடுப்பதில்லை.

உயர்தர வகுப்பில் அம்மா விரும்பிப் படிப்பித்த இன்னொரு பாடல் பிசிராந்தையாருடையது. இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்குப் புலவர் காரணம் சொல்கிறார். மாட்சி மிக்க மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், சொற்கேட்கும் ஏவலர், முறை தவறாத அரசன், ஊரில் சான்றோர். அழகான பாட்டு, மறுப்பதற்கில்லை. பாடம் முடிந்தபின் அம்மா மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: "அந்த மனுசிக்கு நரைச்சதா இல்லையா?" வகுப்பு சிரிக்கும். சிரிப்பு அடங்கிய பிறகு சில பிள்ளைகள் யோசிப்பார்கள் என்று அம்மா சொல்வார். அவர் கேட்டுவிட்டு விடுவாரே தவிர, விளக்கம் கொடுப்பதில்லை.

இப்படிப்பட்டவர் தாமும் எழுதினார், வரைந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டது. எங்கள் நாட்டுத் தமிழ்ப் பெண்களின் கவிதைகள் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு வந்த முதல் நூல் என்று அது பேசப்படுகிறது. அப்போது அம்மாவுக்கு 27 வயது, ஆசிரியப் பணியில் சேர்ந்து ஒரு வருடம். அந்த மெல்லிய புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் பாடக்குறிப்புக் கொப்பியின் பின்பக்கத்தில் தானும் எழுதத் தொடங்கியதாகச் சொல்வார். வெளியில் அனுப்பவில்லை. பாடசாலை ஆண்டு மலரில் ஒன்றிரண்டு வந்தன, அவ்வளவுதான். ஓவியங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. அண்ணா ஒரு பையும் நான் ஒரு பையும் தூக்கினோம். அப்பா சைக்கிளில் அரிசியும் உறுதிகளும் கட்டினார். தகரப் பெட்டியைக் கட்ட இடமில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் கதவுகளே இருக்கவில்லை, பெட்டியைப் பற்றி யார் கேட்பது? ஓவியர் மாற்கு போன்றவர்களின் படைப்புகளே போர்க்கால இடப்பெயர்வுகளில் இல்லாமற் போயிருக்கின்றன. அறியப்பட்டவர்களின் இழப்புக் கட்டுரைகளிலாவது பதிவாகிறது. பெட்டிக்குள் வைத்து வரைந்த பெண்களின் இழப்பை எழுதுவார் இல்லை.

அதன்பின் 26 வருடங்கள் அம்மா தமக்கென ஒன்றும் வரையவில்லை. பாடசாலையில் கரும்பலகையில் வரைந்தார், விழாக்களுக்குப் பதாகை எழுதினார், கோலமும் தோரணமும் அவர் பொறுப்பு. சித்திரம் என்பது அழகியற் பாடம். சாதாரணதரப் பரீட்சை நெருங்கினால் அந்தப் பாடவேளைகளைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கேட்டு வாங்கிவிடுவார்கள். பாடசாலையில் சித்திரத்தின் நேரத்தை எடுப்பவர்களும், வீட்டில் அம்மாவின் நேரத்தை எடுப்பவர்களும் சொல்வது ஒன்றுதான்: அது பிறகு செய்யலாம். அப்பாவும் அம்மாவை வரையவேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தேநீர் குடித்த கோப்பையைக் கழுவி வைத்ததும் இல்லை. 2014இல் அப்பா காலமானார்.

ஓய்வுபெற்று இரண்டு வருடத்தின் பின், அம்மா தூரிகையைத் திரும்ப எடுத்தார். காரணம் ஒரு புத்தகம். நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களை 2005ஆம் ஆண்டு முதல் எண்ணிமமாக்கிச் சேமித்து வருகிறார்கள். அதில் 'சொல்லாத சேதிகள்' கிடைத்தது. ரப்லெட்டில் பக்கத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். ஒரே இருப்பில் வாசித்து முடித்துவிட்டு, "இதிலை எழுதின பிள்ளைகளுக்கும் இப்ப என்ரை வயசாயிருக்கும். தலை நரைச்சதைப் பற்றி ஆராவது எழுதினவையோ தெரியாது," என்றார். அடுத்த நாள் விடியப்புறம் விறாந்தையில் இருந்து நீத்துப்பெட்டியை வரைந்துகொண்டிருந்தார்.

அவர் வரைபவை எல்லாம் இப்படிப்பட்டவைதான். சுளகு, இடியப்ப உரல், வாய் உடைந்த மண்சட்டி, கூனிய முதுகுகள், சுருங்கிய கைகள். பிள்ளையின் கையில் ஓடும் கோடு ஐந்தாறு, கிழவியின் கையில் எண்ணி முடியாது, அதனால் கிழவியை வரைவதுதான் தனக்குச் சுகம் என்பார். காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் அவரை யாரும் கூப்பிடக்கூடாது. கேற்றில் மணி அடித்தால் நான் போவேன், அல்லது மணி அடித்தவர் திரும்பிப் போவார். தொடக்கத்தில் இது எங்கள் வீட்டாருக்கே புதுமையாக இருந்தது.

சென்ற வருடம் கண்ணில் புரை முற்றியது. வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டது அம்மா படியில் தடுக்கி விழுந்துவிடுவாரோ என்று. அம்மா கவலைப்பட்டது நீலத்துக்கு. வயதாகும்போது கண்வில்லை மஞ்சளிக்கிறது, அது நீலத்தையும் ஊதாவையும் உள்ளே விடாமல் மறிக்கிறது என்று கண் வைத்தியர் விளக்கினார். பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேக்கு 1912இல் கண்புரை என்று கண்டறிந்தார்கள். அதன் பின் அவர் தீட்டிய தோட்டத்துப் பாலத்துப் படங்கள் செம்மையும் கபிலமுமாகக் குழம்பியிருக்கும். 1923இல், 82 வயதில், வலது கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். இந்தக் கதையை அம்மா எத்தனையோ தரம் வகுப்பில் சொல்லியிருக்கிறார். தமக்கும் சத்திரசிகிச்சை முடிந்து கட்டை அவிழ்த்த பின், அதற்கு முந்திய மாதங்களில் வரைந்த கீரிமலைக் கடலை எடுத்துப் பார்த்தார். கடல் பாசிப் பச்சையாக, ஓரங்களில் பழுப்பாகக் கிடந்தது. திருத்துவார் என்று எண்ணினேன். திருத்தவில்லை. பின்பக்கத்தில் திகதியைப் போட்டு, "இது அந்தக் கண்ணாலை பாத்த கடல்" என்று எழுதி வைத்துவிட்டு, புதிய தாளில் நீலக் கடல் ஒன்றைத் தொடங்கினார். இரண்டும் இப்போது சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. எனக்குப் பிடித்தது பழைய கடல்தான்.

நான் வேலைசெய்யும் பகுதியில் முதியோர் சங்கமொன்று மாதத்தில் ஒருமுறை கூடும். வழக்கமாக இரத்த அழுத்தம் பார்ப்பதும், கொடுப்பனவு பற்றிய அறிவித்தலும், பஜனையுமாக அது முடிந்துவிடும். ஒருநாள் அம்மாவைக் கூட்டிச்சென்று எல்லோருக்கும் தாளும் பென்சிலும் கொடுத்தோம். அமெரிக்காவில் பாட்டி மோசஸ் என்று புகழ்பெற்ற கமக்காரப் பெண்ணைப் பற்றி அம்மா சொன்னார். மூட்டு நோவினால் ஊசி பிடித்துத் தையல் வேலை செய்ய முடியாமற் போகவே, 70 வயதைக் கடந்தபின் தூரிகை எடுத்து, 101 வயதுவரை வாழ்ந்தவர் அவர். வந்திருந்தவர்களில் சிலர் பள்ளிக்கூடம் விட்டபின் பென்சிலே தொட்டதில்லை. முதலில் புள்ளி வைத்துக் கோலம் போட்டார்கள். பிறகு 78 வயது ஆச்சி ஒருவர், தாம் இடம்பெயர்ந்து வந்த வளவை வரைந்தார். துலாக் கிணறு, அதன் மிதி, தொட்டிலைச் சுற்றி வாழை, மாட்டுக் கொட்டில். துலாவை எந்த மரத்தில் பூட்டியது என்பதில் பக்கத்தில் இருந்தவருக்கும் அவருக்கும் சண்டையே வந்துவிட்டது. இருவரும் ஒரே குறிச்சிக்காரர். அந்தக் காணிக்கு எந்தக் கோப்பிலும் இவ்வளவு விபரம் இருக்காது.

கூட்டிப்போக வந்த மகன் படத்தைப் பார்த்துவிட்டு, "வயது போன காலத்திலை என்னணை விளையாட்டு, அங்கை பிள்ளை பள்ளியாலை வரப்போகுது," என்றார். ஆச்சி தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பிப் போனார். அம்மா வழி முழுவதும் பேசவில்லை.

அம்மாவால் காலை நேரத்தைத் தமக்கென்று வைத்திருக்க முடிகிறதென்றால், மாதம் பிறந்தால் வங்கிக்கு வரும் ஓய்வூதியமும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக்கூடாது. அந்த ஆச்சி ஆயுள் முழுவதும் தோட்டத்தில் உழைத்தவர். அவருக்கு ஓய்வூதியம் இல்லை. மகன் வீட்டுச் சோற்றுக்குப் பேரனைப் பார்ப்பதுதான் கணக்கு. விருப்பத்தைச் சொல்வதற்கும் கையில் ஒரு சதம் இருக்கவேண்டும்.

இவ்வருடத் தொடக்கத்தில் சோதனை எங்கள் வீட்டுக்கே வந்தது. அண்ணா ரொறன்ரோவில் இருக்கிறார். அண்ணிக்கு இரண்டாவது பிள்ளை. "அங்கை சும்மா இருக்கிறதை இஞ்சை வந்து இரண்டு மூண்டு வருசம் நில்லுங்கோவன் அம்மா," என்றார் அண்ணா. சுப்பர் வீசாவில் போனால் ஒரே தடவையில் ஐந்து வருடம்வரை நிற்கலாம் என்றும் சொன்னார். அம்மாவுக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்க ஆசை இல்லாமலில்லை. ஆனாலும் இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை. "எனக்கு ஏலாது எண்டில்லைப் பிள்ளை. அங்கை போனா நான் திரும்பவும் தொடக்கத்திலையிருந்து தொடங்கோணும். அதுக்கு எனக்கு எத்தினை வருசம் இருக்கு?" என்றார்.

அண்ணியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் நான் பெண்களுக்காக எழுதுவதில் பொருளில்லை. அங்கே பிள்ளை பராமரிப்பு நிலையத்துக்குக் கொடுக்கும் காசு கொஞ்சமல்ல. அண்ணியும் வேலைக்குப் போகவேண்டியவர், தாயாரை இழந்தவர். ஒரு பெண்ணின் சுதந்திரம் இன்னொரு பெண்ணின் முதுகில் ஏறுவதாயிருந்தால் அதைக் கொண்டாட எனக்கு மனம் வராது. அம்மா, அண்ணி, பராமரிப்பு நிலையம் என்று ஒரு கிழமை முழுவதும் தொலைபேசியில் பேசினோம். பிசிராந்தையாரின் பாடலைப் போலவே இதிலும் ஒருவரைப் பற்றிய கேள்வி கேட்கப்படவே இல்லை. அண்ணாவின் வேலை நேரத்தைப் பற்றி யாரும் வாய்திறக்கவில்லை. கனடாவில் தந்தையும் பிள்ளை பராமரிப்பு விடுமுறை எடுக்கலாம். பெற்றோர் இருவரும் அதைப் பகிர்ந்துகொண்டால் மேலும் ஐந்து வாரமாவது கூடுதலாகக் கிடைக்கும் என்ற ஏற்பாடு 2019ஆம் ஆண்டு மார்ச்சிலிருந்து இருக்கிறது. நான் அதைத் தேடி எடுத்து அனுப்பினேன். அண்ணா மூன்று நாள் பதில் போடவில்லை. நான்காம் நாள், "கேட்டுப் பாக்கிறன்" என்று ஒரு வரி வந்தது. கேட்டார். கிடைத்தது.

முடிவில், அம்மா ஆறு மாதத்துக்குப் போகிறார், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. காலை ஒன்பது மணிவரை அங்கேயும் அவரைக் கூப்பிடக்கூடாது என்பது அண்ணியே முன்வந்து சொன்ன ஏற்பாடு. என்ன அளவுத் தாள் வாங்கிவைக்கவேண்டும் என்று அவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

ஒழுங்கைப் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஆறு மாதம் வகுப்பு இல்லை என்று அம்மா சென்ற கிழமை சொன்னார். ஒரு தாய் சற்று யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி சனி ஞாயிறிலை வீட்டிலை சும்மாதானே நிக்கிறியள், நீங்கள் எடுங்கோவன்." இரண்டு நாளும் எனக்கு வேலை இருக்கிறது என்று சொன்னேன். என்ன வேலை என்று அவர் கேட்டார். என் வேலை என்றேன்.